விரதம் முடிந்த மறுநாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் அதை எப்போது கழற்றுவார் என்பது வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவருக்கும் அப்படித்தான். திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் வழியாகப் பச்சையும் காவியுமாகச் சாரை சாரையாகப் போகும் அந்தக் கூட்டத்தில், மற்ற நாட்களில் தெருமுனை மளிகைக் கடைக்கும் வண்டியை எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நடக்கும்போது காலில் கொப்புளம் கண்டாலும் நிற்கமாட்டார்கள். மலை ஏறி இறங்கிப் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்ததும் அந்த நடை நின்றுவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரதத்துக்குத் தொடக்கம் உண்டு, கட்டுப்பாடு உண்டு, முடிவும் உண்டு. அதன் இலக்கணமே அதுதான். உடம்பைக் குறைக்கக் கிளம்பும்போதும் இதே இலக்கணத்தைக் கையில் எடுப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. 'வர்ற திங்கக்கிழமையில இருந்து டயட்' என்று நாள் குறிக்கிறோம், 'மூணு மாசத்துக்கு எனக்குச் சோறே வேண்டாம்' என்று அறிவிக்கிறோம். மூன்று மாதத்தில் ஆறேழு கிலோ இறங்குகிறது. நான்காவது மாதம் மாலை கழற்றப்படுகிறது, அடுத்த தீபாவளிக்குள் பழைய சட்டை மறுபடி இறுக்குகிறது. ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், 'மன உறுதி போதாது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் தவறு என்பது என் கட்சி. பழனிக்கு நடக்கிற ஊரில் மன உறுதிக்குப் பஞ்சம் இருக்க முடியாது. அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

தாடிக்கொம்பு போன்ற ஓர் ஊரை வைத்துப் பேசினால் விஷயம் பிடிபடும். திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் வழியில் குடகனாற்றை ஒட்டியிருக்கும் பேரூராட்சி. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் அதன் மண்டபத் தூண்களில் இருக்கும் சிற்பங்களும்தான் ஊருக்கு முகவரி. சுற்றிலும் தோட்டங்கள், அப்படியே வடக்கே போனால் வேடசந்தூர் வரை நூற்பாலைகள். பருமன் என்பது சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளின் வியாதி, இந்த மாதிரி ஊருக்கு அது அந்நியம் என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையிலோ பருமனிலோ இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 ஆகிவிட்டது. இந்தியா முழுமைக்கும் பெண்களின் சராசரி 24 சதவீதம்தான். பத்தில் நான்கு பெண்கள் என்ற அளவை நகரங்கள் மட்டும் சேர்ந்து எட்டிவிட முடியாது, கிராமமும் பேரூராட்சியும் கணக்கில் வந்தாக வேண்டும். அந்த ஆய்வு பி.எம்.ஐ. 25-ஐக் கோடாக வைத்தது. இந்திய மருத்துவர்கள் நம் உடம்புக்கு 23-லேயே எச்சரிக்கைக் கோடு போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

ஐந்தாறு ஆண்டுகளில் பத்தில் ஒரு பெண் புதிதாகச் சோம்பேறியாகிவிட்டார் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அவரைச் சுற்றியிருந்த வேலைகள் மாறியதுதான் காரணம். கமலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. 2011 செப்டம்பரில் அரசு கொடுக்கத் தொடங்கிய மிக்சியும் கிரைண்டரும் ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பின. அது நல்ல காரியம். ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்கள் ஒரு வாரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அதே ஆண்டு ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, உழைப்பு குறைந்தது, உலை குறையவில்லை. உழவு ஓட்டியவருக்கு அளந்து வைத்த தட்டில்தான் இன்று பைக்கில் போய் மில்லில் நின்று வருபவரும் சாப்பிடுகிறார். தட்டை மாற்றச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னவர்களும் மூன்று மாதத்துக்குத் தட்டையே தூக்கிவிடு என்றுதான் சொன்னார்கள்.

அப்படித் தூக்கிவிட்டால் உடம்பு என்ன செய்யும் என்பதைக் காட்ட ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு போட்டி நடந்தது. யார் அதிகம் இளைக்கிறாரோ அவருக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு மறுபடி அழைத்துப் பரிசோதித்து, முடிவை 2016இல் வெளியிட்டது. முப்பது வாரப் போட்டியில் சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவர்களுடைய உடம்பு, சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டிய சக்தியைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்தும் அப்படித்தான். பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொண்ட முடிவு அது. பஞ்ச காலத்தில் பூட்டி வைத்த நெல் குதிர் போல எல்லாவற்றையும் இறுக்கி வைத்துக்கொள்கிறது. இதோடு பசியும் ஏறுகிறது. இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற உடம்போடு நான்காவது மாதம் தோற்றுப் போகிறவரைப் பார்த்து, 'வாயைக் கட்டத் தெரியலை' என்பது அறியாமை.

அப்படியானால் மெதுவாக இறக்கினால் நிற்குமா? மெதுவாகப் போனால் நிலைக்கும் என்பது நம்மில் பலருக்கு வேதவாக்கு. அதையும் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் சோதித்துப் பார்த்தார்கள். 200 பேரில் ஒரு பாதியை 12 வாரத்திலும் மறு பாதியை 36 வாரத்திலும் இளைக்க வைத்தார்கள். 2014இல் வந்த முடிவு இரு தரப்புக்கும் கசப்பானது. வேகமாக இறக்கியவர்களில்தான் அதிகம் பேர் இலக்கைத் தொட்டார்கள். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் இரு பிரிவினருமே இழந்த எடையில் ஏறத்தாழ 71 சதவீதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆகவே, 'படிப்படியாகச் செய்' என்ற அறிவுரையில் மட்டும் மந்திரம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வார விரதமானாலும் முப்பத்தாறு வார விரதமானாலும் அது விரதம்தான். முடிந்த மறுநாளின் சமையலை நிலையான வழக்கமாக்க இரண்டாலும் முடியவில்லை. என் வாதம் இங்கே இருந்துதான் கிளம்புகிறது. குறைக்கிற மூன்று மாதத்தைத் திட்டமிடுவதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முப்பது ஆண்டை முதலில் திட்டமிட வேண்டும். முப்பது ஆண்டுக்குச் செய்ய முடியாத எதையும் முதல் நாளே தொடங்கக் கூடாது.

இந்தக் கோலை வைத்து அளந்தால் நம்மிடையே பிரபலமான பல முறைகள் தள்ளாடும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழர்களிடையே பெரிய அலையாக வந்தது பேலியோ. நியாண்டர் செல்வன் முகநூலில் தொடங்கி வைத்த குழுவும் அவர் எழுதிய புத்தகமும் எத்தனையோ வீடுகளில் அரிசியை நிறுத்தி முட்டையையும் பனீரையும் பாதாமையும் கொண்டுவந்தன. அதில் இளைத்தவர்கள் பலர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. கூட்டமாகச் சேர்ந்து செய்தால் தெம்பு வரும் என்பதை அந்தக் குழு காட்டியது. அதற்குரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கண்காணித்து 2018இல் ஒரு விடை சொன்னது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பிரிவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது சீனியையும் மைதா போன்ற தீட்டிய மாவையும் தவிர், காய்கறியைக் கூட்டு என்பதுதான். எந்த முறை என்பதைவிட யாரால் எதை விடாமல் செய்ய முடிகிறது என்பதே தீர்மானிக்கிறது. நம் வீடுகளில் அந்த விடாமைக்கு முதல் எதிரி தனிச் சமையல். இளைக்கிறவருக்கு ஒரு பாத்திரம், மற்றவர்களுக்கு ஓர் உலை என்று வைத்தால், விரதம் இருக்கிறவர் களைக்கும் முன்பே சமைக்கிற பெண் களைத்துப்போவார். இளைக்கப் புறப்பட்டவரே சமைக்கிறவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு, தான் மட்டும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார எத்தனை நாள் முடியும்?

அதனால், தனி மனிதரின் தட்டைவிட வீட்டின் கொள்முதலைப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டிருக்கிறது. யாரும் சமையலறையில் தராசு வைத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. ஆனால் 27 கிராமை நான்கு பேர், முப்பது நாள் என்று பெருக்கினால் மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர் வருகிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் எந்தத் தேதிக்குத் தீர்கிறது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். அது ஒரு மாதத்தைத் தாண்டி இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வந்தால் வீடு சரியான பாதையில் போகிறது, இருபதாம் தேதியே காலியானால் இல்லை. எடை மெஷினில் ஏறி நிற்பதைவிட இது நேர்மையான அளவு. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் வீட்டையே கணக்குக் கேட்கிறது. காய்கறிக் கணக்குத்தான் நம்மை வெட்கப்பட வைக்கும். இதே மாவட்டத்து ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. நம் மதியத் தட்டிலோ குன்று போலச் சோறு, அதன் ஓரத்தில் பொரியல் ஒரு கரண்டி. அந்தக் கரண்டியை மூன்றாக்கிச் சோற்றில் ஒரு பிடியைக் குறைப்பதற்கு விரதம் எதுவும் தேவையில்லை. பொரியலை முதலில் தட்டில் வைத்துவிட்டுச் சோற்றை அப்புறம் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

தேநீர்க் கடையில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். மாஸ்டர் கண்ணாடி தம்ளரில் முதலில் போடுவது சீனியைத்தான். தட்டையாக இல்லாமல் குவித்து இரண்டு கரண்டி. பிறகு டிகாஷன், அதன் மேல் பால், தோள் உயரத்துக்குத் தூக்கி ஓர் ஆற்று. குடித்து முடிக்கும்போது கடைசி மடக்கில் கரையாத சீனி நாக்கில் நெருடும். கரண்டிக்கு ஐந்து கிராம் என்று குறைத்து வைத்தாலும் ஒரு டீக்குப் பத்து கிராம். நான்கு டீ குடிப்பவருக்கு 40 கிராம், அதாவது 160 கலோரி. 'சீனி கம்மியா' என்ற இரண்டே சொல்லில் அது பாதியாகும். நாளுக்கு 80 கலோரியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மேலே சொன்ன அதே கெவின் ஹால் 2011இல் இதற்கும் ஒரு கணக்குத் தந்திருக்கிறார்: அன்றாடம் 24 கலோரி நிலையாகக் குறைந்தால் உடம்பு காலப்போக்கில் ஒரு கிலோ இறங்கும், அதில் பாதி ஓராண்டில் நடக்கும், ஏறத்தாழ முழுமையாக நடக்க மூன்று ஆண்டு ஆகும். அந்தக் கணக்கில் டீயில் பாதிச் சீனி என்பது மூன்று கிலோவுக்கு மேல். பிரியாணியைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1957இல் திண்டுக்கல்லில் தலப்பாக்கட்டு நாகசாமி நாயுடு கடை போட்ட காலத்தில் இருந்து சீரகச் சம்பா பிரியாணிக்குப் பேர்போன ஊரில் அதை விடச் சொல்பவன் மூன்றாம் நாளே தோற்பான். அதோடு அவன் சொல்வது நியாயமும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் இலை நிறையப் பிரியாணி சாப்பிடுவதால் யாரும் பெருத்துவிடுவதில்லை. பெருக்க வைப்பவை, கணக்கிலேயே வராமல் தினமும் நடப்பவை: நான்கு டீ, பதினோரு மணி வடை, ராத்திரி பரோட்டாவில் ஊறும் சால்னா எண்ணெய்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானதும்கூட. மூன்று ஆண்டில் மூன்று கிலோ என்று சொன்னால் யாருக்கு உற்சாகம் வரும்? கண்ணுக்குத் தெரியாத பலனுக்காக எத்தனை நாள் சப்பென்று டீ குடிப்பது? உண்மைதான், எடை மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சோர்வுதான் மிஞ்சும். ஆனால் எடை என்பது எதற்கான அளவு என்று கேட்டுப் பார்த்தால் இந்த மறுப்பு பாதி கரைந்துவிடும். 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அச்சிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே எடைக்கணக்கில் இந்திய உடம்பு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பைச் சுமக்கிறது. அதையும் வயிற்றில் சுமக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலும் பொதுப் பருமன் 28.6 சதவீதம், தொப்பைப் பருமன் 39.5 சதவீதம் என்று வந்தது. கையும் காலும் குச்சியாக, தொப்பை மட்டும் தள்ளி நிற்கிற நம் ஊர் ஆணை எடை மெஷின் மன்னித்துவிடும், கணையம் மன்னிக்காது.

இதைவிட நம்பிக்கை தரும் சாட்சியும் சென்னையில் இருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. எதையும் மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் கொஞ்சம் சீர்செய்தவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5 சதவீதம். நடையும் தட்டும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. இதில் ருசிகரமான விஷயம், அந்தப் பிரிவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை என்பது. மெஷின் முள் நகராத நாட்களிலும் உடம்புக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 'நாலு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை' என்று நடையை நிறுத்துகிறவரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். இறங்காத எடையைப் பார்த்து அவர் நிறுத்துவது பலன் தந்துகொண்டிருக்கிற மருந்தை.

சரி, எத்தனை நாளில் ஒரு காரியம் பழக்கமாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் ஆளுக்கொரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். நடுவாக 66 நாள் வந்தது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை. நம் மண்டலக் கணக்கான 48-ஐத் தாண்டியும் காத்திருக்க வேண்டும். அந்த ஆய்வில் இன்னொரு சின்னச் செய்தியும் உண்டு: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை. விரதத்துக்கும் வழக்கத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விரதம் ஒரு நாள் முறிந்தால் முறிந்ததுதான். கல்யாண வீட்டில் ஒரு ஜிலேபியை வாயில் போட்டதும் 'போச்சு, இனி என்ன' என்று முழுசாக விட்டுவிடுகிறோமே, அது விரத மனம். வழக்கத்துக்குத் தீட்டு கிடையாது. நேற்று நடக்கவில்லை என்றால் இன்று நடக்கலாம்.

எங்கே நடப்பது என்ற கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. எண்ணம் நல்லது. ஆனால் பேரூராட்சியில் இருப்பவர் தினமும் பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் போய் நடக்கமாட்டார். வீட்டு வாசலில் இருந்து நடந்தால் கரூர் சாலையில் லாரி உரசும். பெண்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம்: காலையில் ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் வேகமாக நடந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதே பெண் கோயில் பிரகாரத்தை இருபத்தொரு சுற்று வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தாடிக்கொம்பில் தேய்பிறை அஷ்டமிக்கு பைரவரைப் பார்க்கக் கூட்டம் முட்டும். மற்ற நாட்களில் சுற்றிவர இடம் இருக்கும். ஒரு வேண்டுதலைச் சாக்காக வைத்துத் தினமும் அரை மணி நேரம் சுற்றினால் பெருமாள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பள்ளி மைதானத்தைக் காலை ஐந்தரைக்குத் திறந்துவிடுவதும், இரண்டு விளக்குப் போடுவதும், தெருநாய்களைக் கவனிப்பதும் பேரூராட்சியின் வேலை. அதையும் மனிதரின் மன உறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இங்கே இரண்டாவது மறுப்பு. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவருக்கும், காட்டு வேலைக்குப் போகிறவருக்கும் இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பேச்சு இல்லையா? ஒரு பகுதி சரி. தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் இன்னும் எடைக் குறைவோடு இருக்கிறார்கள் என்பதையும் அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களிடம் சோற்றைக் குறை என்று சொல்வது குற்றம். ராத்திரி ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் பசியைத் தூண்டும் என்பதும் நிரூபணமான சங்கதி. மில் கேண்டீனில் நள்ளிரவில் என்ன கிடைக்கிறது என்பது தொழிலாளியின் தேர்வு இல்லை. ஆனால் நான் சொல்லும் வழிக்குக் காசு கூடுதலாக ஆகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சீனியும் எண்ணெயும் குறைந்தால் மளிகைப் பில் இறங்கும். ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முருங்கைக் கீரை வேலியில் நிற்கிறது. பாதாமும் பனீரும் ஜிம் கட்டணமும் கேட்கிற முறைகளைத்தான் ஏழைக்கு எதிரானவை என்று சொல்ல வேண்டும்.

காசு கேட்காமல் காலை வாருகிற ஒன்று உண்டு, அது ஊர் வாய். நம் பக்கத்தில் உடம்பு போட்டவரைப் பார்த்து 'தேறிட்டியே' என்று பாராட்டுவதும், நான்கு கிலோ குறைந்தவரை நிறுத்தி 'என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டே, சுகரா?' என்று விசாரிப்பதும் வழக்கம். பஞ்சம் பார்த்த தலைமுறையின் பாசம் அது, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஆறு மாதம் பாடுபட்டவரை அந்த ஒரு கேள்வி அன்று ராத்திரியே இரண்டாவது சோற்றுக்கு அனுப்பிவிடும். பந்தியில் 'போதும்' என்று கை மறைத்தவரின் இலையில் பாசத்தோடு இன்னொரு கரண்டி போடுவதும் அந்த வகைதான்.

கடைசியாக ஊசி. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் மவுஞ்சாரோவும் வெகோவியும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இனி எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் பெருகுவார்கள். பருமனால் மூட்டு, இதயம், மூச்சு என்று உண்மையிலேயே அவதிப்படுகிறவருக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும்; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வெகோவியின் மருந்தான செமாகுளுடைடை நிறுத்தி ஓராண்டு ஆனவர்களைப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. உடம்பைப் பொறுத்தவரை ஊசியும் இன்னொரு மாலைதான். கழற்றினால் கதை பழையபடி. நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கத் திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களால் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு ஏதாவது செய்ய நினைப்பவர் வரும் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். தையல் மெஷின் பெட்டியில் கிடக்கிற இஞ்சு டேப்பை எடுங்கள். மூச்சை வெளியே விட்டு, தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்து, காலண்டரில் இன்றைய தேதியில் எழுதுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-ம் கோடு. தொற்றா நோய்களுக்காக 30 வயது தாண்டிய எல்லாரிடமும் சுகாதாரப் பணியாளர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவத்திலும் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த முறை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர் பார்க்க வாசலுக்கு வரும்போது, அந்தக் கட்டத்தையும் அளந்து நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.